வரைபடத்தில் விடுபடுபவர்கள்: வீடு, பண்பாடு, கட்டடக்கலைக் கல்வி

1. கேள்வி

கட்டடக்கலை படிக்கும் மாணவர் அநேகமாகப் படிப்பின் தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு பழைய வீட்டை அளந்து வரைந்துவிடுகிறார். காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீடு, காவிரிக் கரையில் ஓர் அக்ரகார வீடு, நாகர்கோவில் பக்கம் ஓட்டுக்கூரை போட்ட மரவீடு என்று ஏதாவது ஒன்று. குழுவாகப் போய், டேப்பைப் பிடித்து, தூணின் சுற்றளவு முதல் உத்திரத்தின் கனம் வரை குறித்துக்கொண்டு வந்து, தரைத்தளப் படம், வெட்டுத்தோற்றம், முகத்தோற்றம் என்று தாள் தாளாக வரைகிறார்கள். 1957இல் தொடங்கிய தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கம் நடத்தும் போட்டிகளில் இந்த ஆவணப்படுத்தலுக்கென்றே லூயி கான் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறது. வரைபடங்களின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவின் குமிழ்கூடத் தப்பாமல் இருக்கும்.

அந்தத் தாள்களில் தேடினாலும் கிடைக்காத செய்திகள் சில உண்டு. இந்த வீட்டில் யார் எங்கே படுத்தார்கள்? கொல்லை வாசல் வழியாக மட்டுமே உள்ளே வர அனுமதிக்கப்பட்டவர் யார்? மாதத்தில் மூன்று நாள் பெண்கள் எங்கே இருந்தார்கள்? சமையல் ஒன்றா, நான்கா? இப்போது இந்த வீடு எத்தனை பேருக்குச் சொந்தம்? 'நடை', 'கூடம்', 'அறை' என்று பெயர் எழுதிய கட்டங்கள் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன.

பண்பாடுதான் வீட்டை உருவாக்குகிறது என்று எல்லாக் கட்டடக்கலைப் பள்ளிகளும் சொல்கின்றன. அப்படிச் சொல்லும்போது பண்பாடு என்று அவை எதைக் கருதுகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெரும்பாலும் வடிவத்தைத்தான் கருதுகின்றன என்பது என் வாதம். முற்றம், திண்ணை, தூண், ஓடு ஆகியவை பண்பாடாகின்றன. அவற்றை உண்டாக்கிய நடத்தை விதிகள் பாடத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதன் விளைவு விசித்திரமானது. விதி செத்துப்போன வடிவம் கல்லூரிக்குள் பாதுகாக்கப்படுகிறது. வடிவம் மாறிவிட்ட விதி கல்லூரிக்கு வெளியே செழிப்பாக வாழ்கிறது.

2. இருக்கும் புரிதல்கள்

இத்துறையில் இரண்டு நூல்களைத் தாண்டாமல் எவரும் போவதில்லை. 1964இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி 'கட்டடக் கலைஞரில்லாத கட்டடக்கலை' என்ற கண்காட்சியை நடத்தினார். அதே பெயரில் நூலும் வந்தது. பெயர் தெரியாத கிராமங்களும் குகை வீடுகளும் களஞ்சியங்களும் அதில் அழகின் சான்றுகளாக நின்றன. படித்தவர்களின் கர்வத்தைத் தட்டிவைத்த கண்காட்சி அது. ஆனால் அதன் அக்கறை புகைப்படத்தோடு நின்றது. அந்த வீட்டுக்குள் குடியிருந்தவர்களைப் பற்றி அதிலிருந்து அதிகம் அறிய முடியாது.

1969இல் வெளிவந்த ஏமோஸ் ராபபோர்ட்டின் 'வீட்டு வடிவமும் பண்பாடும்' இதைவிட ஆழமானது. தட்பவெப்பமும் பொருளும் தொழில்நுட்பமும் வீட்டை நிர்ணயிப்பதில்லை, திருத்தத்தான் செய்கின்றன. முதற்காரணம் சமூக-பண்பாட்டுக் காரணிகளே என்றார் அவர். ஒரே வெயிலில் வெவ்வேறு வீடுகள் இருப்பதை அவர் சான்றாகக் காட்டியபோது, வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் கண்டுபிடித்த விடை என்ற எளிய விளக்கம் ஆட்டம் கண்டது. ராபபோர்ட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. பண்பாட்டை அவர் ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் பொதுவான சொத்தாகவே பெரும்பாலும் பேசுகிறார். ஒரே வீட்டுக்குள் மாமியாரின் பண்பாடும் மருமகளின் பண்பாடும், நிலக்காரரின் பண்பாடும் குடிவாரக்காரரின் பண்பாடும் ஒன்றாக இருக்குமா? வீட்டின் வடிவத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அவர்களில் யாரிடம் இருந்தது?

பியர் பூர்தியூ அல்ஜீரியாவின் கபைல் மக்களின் வீட்டைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த இடத்தில் கூர்மையானது. வீட்டின் உயர்ந்த, வெளிச்சமான பகுதியில் அடுப்பும் தறியும் விருந்தாளியும்; தாழ்ந்த, இருண்ட பகுதியில் கால்நடையும் உறக்கமும் பிறப்பும் இறப்பும். ஆண்-பெண் வேறுபாடு தரையின் மட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதை அவர் வாசித்துக் காட்டினார். உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் விரும்பிப் படிப்பது இக்கட்டுரை. அதே பூர்தியூ அப்தெல்மாலெக் சயாதுடன் சேர்ந்து 1964இல் எழுதிய 'வேரறுப்பு' பற்றிய நூல் அந்த அளவுக்கு வாசிக்கப்படுவதில்லை. அல்ஜீரிய விடுதலைப் போர்க்காலத்தில் பிரெஞ்சு ராணுவம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்தாரைக் கட்டம் போட்ட முகாம்களில் குடியேற்றியது. அந்த ஒழுங்கான தெருக்களில் அவர்களின் வாழ்க்கை எப்படிச் சிதைந்தது என்று பேசும் நூல் அது. ஆக, முதல் கட்டுரையில் அசையாமல் நிற்கும் வீடு அதே காலத்தில் இடிந்துகொண்டிருந்தது. பண்பாட்டை அசையாப் பொருளாகக் கற்பிக்க நினைப்பவர்களுக்கு முதலாவது கட்டுரை வசதியாக இருக்கிறது.

தமிழ் வீட்டைப் பற்றிய மிக நுட்பமான மானிடவியல் எழுத்து ஈ. வாலன்டைன் டேனியலுடையது. 1984இல் வெளிவந்த அவரது நூலில் வீட்டுக்கென்று ஓர் இயலே உண்டு. மனையை அளப்பது, கணக்குப் பார்ப்பது, வாசல்கால் வைப்பது என்று ஒவ்வொரு படியும் ஓர் உயிர் கருக்கொள்வதுபோல எண்ணப்படுவதையும், குடியிருப்பவரின் குணமும் வீட்டின் குணமும் பொருந்தவேண்டும் என்ற நம்பிக்கையையும் அவர் பதிவுசெய்தார். மானிடவியல் வகுப்பில் தவறாமல் படிக்கப்படும் இந்த இயல், வீடு கட்டக் கற்றுக்கொள்ளும் வகுப்பில் தென்படுவது அரிது.

3. வளவைச் சுற்றிய கணக்கு

வடிவத்துக்கும் விதிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டச் செட்டிநாட்டு வீட்டைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் இந்த வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940களுக்கும் இடையே எழுந்தவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று அடுக்கடுக்காகப் போகும். முகப்பில் ஆண்களும் கொடுக்கல் வாங்கலும். வளவில் சடங்கும் கல்யாணமும். பின்கட்டுகளில் பந்தியும் பண்டமும் பெண்களும் அடுப்பும். திறந்த வானத்தின்கீழ் வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி ஒரே மாதிரியான அறைகள்.

மாணவர்களின் வரைபடக் குறிப்புகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் இந்த முற்றம் கூட்டுக் குடும்ப ஒற்றுமையின் அடையாளம் என்றே வருணிக்கப்படும். காற்றோட்டமும் வெளிச்சமும் மழைநீரும் உபரியாகச் சேரும். தவறில்லை, ஆனால் சுற்றியுள்ள அறைகள் ஏன் ஒரே அளவில், தனித்தனிப் பூட்டோடு இருக்கின்றன என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை.

அதற்கான விடை நகரத்தார் எனப்படும் இச்செட்டியார்களின் குடும்ப விதியில் இருக்கிறது. மணமான மகனை 'வேறு வைப்பது' அவர்கள் வழக்கம். ஒரே வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் உலை தனி, ஆண்டுச் செலவுக்கான படியளப்பு தனி, கணக்குத் தனி. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தொகுத்த நூலிலும் இவ்வழக்கம் பதிவாகியிருக்கிறது. கோயில் வரி கட்டுவதிலும் மணமான ஒவ்வொருவரும் ஒரு 'புள்ளி'. வளவைச் சுற்றிய அறைகள் அந்தப் புள்ளிகளுக்கானவை. மனைவி கொண்டுவந்த சீர்வரிசை பூட்டப்படும் இடங்கள். ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஆண்டுக்கணக்கில் வட்டிக்கடையில் இருக்க, வீட்டில் நிலைத்திருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும். வட்டித்தொழில் செய்த சமூகம், பங்காளிக்குள்ளும் கணக்கைத் தெளிவாக வைத்துக்கொண்டது. அந்தத் தெளிவைத்தான் கட்டடம் சுவராக்கியது. ஆக, நாம் ஒற்றுமையின் சின்னமாகக் கொண்டாடும் முற்றத்தைச் சுற்றித் தனித்தனிக் கணக்குகள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஒரே கூரையின்கீழ் பிரிந்தும் சேர்ந்தும் வாழ்வதற்கான இந்த ஏற்பாடு, 'கூட்டுக் குடும்பம்' என்று நாம் பழக்கத்தில் சொல்வதைவிடச் சிக்கலானது. வடிவமைப்பாளருக்கு அதைவிடப் பயனுள்ளதும்கூட.

பண்பாடு மட்டுமே இந்த வீட்டைக் கட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கொண்டுவந்தது ஐராவதிக் கழிமுகத்து நெல். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைத் திருப்ப இயலாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன; அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு பயிர்நிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது அந்த ஊற்று வற்றியது. வீடு கட்டும் காலமும் முடிந்தது.

பிறகு வந்தது வாரிசுரிமை. ஒரு வளவுக்கு இன்று பத்துப்பேர், இருபது பேர், சிலவற்றில் அதற்கும் மேல் பங்காளிகள். எல்லோரும் கையெழுத்திட்டால்தான் விற்கவோ பழுதுபார்க்கவோ முடியும். சில வீடுகள் விடுதிகளாயின. பல வீடுகள் பிரிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. அங்கிருந்து அவை கடற்கரைப் பங்களாக்களுக்கும் ஓட்டல்களுக்கும் பயணம் போகின்றன. 'செட்டிநாட்டுப் பாணி' என்று ஸ்டுடியோவில் வரையப்படும் வீடு பெரும்பாலும் இந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம்தான். கணவனும் மனைவியும் ஒரு பிள்ளையும் வாழப்போகும் வீட்டின் நடுவில் வளவு ஒன்று வெட்டப்படும். கொசுவுக்குப் பயந்து அதன் மேல் கண்ணாடி போடப்படும்.

கேரளத்து நாலுகெட்டுக்கும் இதே கதி. மருமக்கள்தாயத் தறவாட்டின், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின், உடம்பு அது. 1933ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் பாகப்பிரிவினைக்கு வழிதிறந்தது; 1975இல் இயற்றப்பட்ட கேரளச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்துரிமையையே முடித்துவைத்தது. தறவாடு போன பிறகு நாலுகெட்டு பாணியானது.

4. திண்ணை யாருடையது?

திண்ணையைப் பற்றி எழுதாத தமிழ்க் கட்டுரையாளர் இல்லை. வழிப்போக்கர் தங்கினர், திண்ணைப் பள்ளி நடந்தது, ஊர்க்கதை பேசப்பட்டது. தனிவெளிக்கும் பொதுவெளிக்கும் இடைப்பட்ட வெளி என்று கட்டடக்கலை ஆசிரியர்கள் அதை விளக்குவார்கள்.

எல்லா வழிப்போக்கரும் தங்கினார்களா? அக்ரகாரத் தெருவுக்குள் கால்வைக்கவே தடை இருந்தவர்களுக்கு அந்தத் திண்ணை இடைவெளியாகத் தோன்றியிருக்காது, எல்லைக்கல்லாகத்தான் தோன்றியிருக்கும். தடை இல்லாதவர்களுக்குள்ளும் தரம் இருந்தது. திண்ணைவரை, ரேழிவரை, கூடம்வரை, சமையலறைவரை என்று வீட்டின் நீளம் முழுவதும் அனுமதியின் படிக்கட்டு. நெல் கொண்டுவந்த குடியானவர் நின்ற இடமும் சம்பந்தி அமர்ந்த இடமும் ஒன்றல்ல. வீட்டின் மறுகோடியில் கொல்லை. அதன் பின்னால் ஒரு சந்து. உலர் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்பவர் அந்தச் சந்து வழியாக வந்து, யார் கண்ணிலும் படாமல் அதே வழியில் திரும்பவேண்டும் என்பதற்காகவே அது அமைந்தது. முன்புறத் திண்ணைக்குப் பின்னால் இந்தச் சந்து இருக்கிறது. ஒன்றை வரைந்துவிட்டு மற்றதை விடுவது பாதி வீட்டை வரைவதாகும். வீட்டுக்கு விலக்கான பெண்களும் தலைமழிக்கப்பட்ட விதவைகளும் ஒதுங்கிய மூலைகளும் அந்தப் பாதியில்தான் சேரும்.

சிற்ப நூல்களும் இதில் மறைக்கவில்லை. மயமதம் மனையின் நிறம், வடிவம், மணம், சுவை ஆகியவற்றை வருணம்வாரியாகப் பிரித்தே சொல்கிறது. அந்தணருக்குச் சதுரம், மற்றவர்க்கு நீளம் படிப்படியாக வேறுபடும். நூல் வெளிப்படையாகச் சொல்வதை நாம்தான் பாடம் நடத்தும்போது தாண்டிப்போகிறோம்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்வது பழைய வீடுகளை வெறுப்பதற்காக அல்ல. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கும் வீடுகளைப் பார்க்கும் எவருக்கும் அந்தத் தச்சர்களின் கை மீது மரியாதை வரும். வீட்டைப் பெயர்க்கலாம், அதன் தெருவையும் சேரிக்கும் ஊருக்கும் இடையே கிடந்த தூரத்தையும் பெயர்க்க முடியாது. வகுப்பறையில் அந்தத் தூரத்தைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.

5. கல்வி வந்த வழி

வடிவத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பழங்கட்டடங்களை அளந்து வரையும் பயிற்சி பாரிசின் நுண்கலைப் பள்ளி மரபு. ரோமாபுரியின் இடிபாடுகளை அளந்து, அவற்றின் விகிதாசாரத்தைக் கைவசப்படுத்துவது அங்கே உயர்கல்வியாகக் கருதப்பட்டது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் பொருந்திய முறை அது. பம்பாயின் ஜே. ஜே. கலைப்பள்ளி வழியாக அது நமக்கு வந்தது. அங்கே நீண்டகாலம் கற்பித்த கிளாட் பேட்லி, மாணவர்களை இந்தியக் கட்டடங்களை அளக்கவைத்து, அந்த வரைபடங்களை 1934இல் நூலாகத் தொகுத்தார். ஐரோப்பியத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்த படிப்பை இந்தப் பக்கம் திருப்பியது பேட்லியின் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்க்கும் பொருள்தான் மாறியது, பார்க்கும் முறை மாறவில்லை.

சென்னையில் 1957இல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறை தொடங்கியது. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையமும் தொடங்கியது. ஒன்று நவீனத்துவத்தைக் கற்பித்தது. மற்றது ஸ்தபதிகளின் ஆயாதி என்னும் அளவுக் கணக்கையும் சிற்ப நூல்களையும். இரண்டுக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. அறிவுப் போக்குவரத்து அந்த அளவுக்கு இல்லை. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட கல்வித் தகுதியோடும் பதிவோடும் பிணைத்தபோது, பரம்பரை அறிவு உடையவர்கள் தொழிலின் விளிம்புக்குப் போனார்கள்.

மாணவர் மேசையில் இன்னொரு நூல் உண்டு. 1936இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் நாய்ஃபெர்ட் வெளியிட்ட அளவைக் கையேடு. கட்டில் இவ்வளவு, மேடை இவ்வளவு உயரம், கதவு இவ்வளவு அகலம் என்று எல்லாம் அதில் கிடைக்கும். அதன் சமையலறையில் பெண் ஒருத்தி தனியாக, நின்றபடி வேலை செய்கிறாள். 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் பிராங்ஃபர்ட் சமையலறையின் வாரிசு அது. தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கும் உடம்புக்கும், கிரைண்டரைக் கழுவி ஊற்ற ஈரத்தரை தேடும் கைக்கும் அதில் அளவு கிடையாது. தமிழ்நாட்டுக் குடியிருப்புகளில் சமையலறைக்குப் பின்னால் 'யுட்டிலிட்டி' என்ற ஒட்டு முளைத்ததற்கு இந்த விடுபடல் ஒரு காரணம்.

நவீனத்துவம் படிநிலையை ஒழித்ததா என்றால் அதுவும் இல்லை. சண்டிகரில் அரசு ஊழியருக்கான வீடுகள் முதலமைச்சர் தொடங்கிக் கடைநிலை ஊழியர் வரை பதவி வாரியாக 13 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. வருணத்துக்கு ஒரு மனை என்ற மயமத விதியை வாசித்து முகம் சுளிக்கும் மாணவர், சண்டிகர் வரைபடத்தை அதே முகச்சுளிப்போடு பார்ப்பதில்லை.

6. வாடிக்கையாளர் கொண்டுவரும் பண்பாடு

ஐந்தாண்டுகள் கழித்து அந்த மாணவர் தொழிலுக்கு வருகிறார். முதல் வாடிக்கையாளர் கையில் மனையடி சாஸ்திரப் பிரசுரம் இருக்கிறது. அக்னி மூலையில் அடுப்பு, ஈசானத்தில் பூஜையறை, கன்னி மூலையில் பெரிய படுக்கையறை, அறை நீளம் இத்தனை அடிதான். இந்த நிபந்தனைகளை எதிர்கொள்ளக் கல்லூரி அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. மூடநம்பிக்கை என்று ஒதுக்கவோ, பண்டைய அறிவியல் என்று போற்றவோ கேட்டிருப்பார். இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை. கடைசியில் பெரும்பாலோர் சத்தமில்லாமல் பிளானைத் திருப்பிப் போடுகிறார்கள்.

ஆராய்ந்தால் சுவையான கேள்விகள் உண்டு. சிற்ப நூல்களின் வருணப் பாகுபாட்டை இன்றைய வாஸ்து சந்தடியில்லாமல் கைவிட்டுவிட்டது. பணம் கொடுக்கும் எவருக்கும் ஒரே ஈசான மூலைதான். மேல்தட்டின் சடங்கு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதாக இதைக் கொள்வதா, விலைப்பொருளானதாகக் கொள்வதா? இரண்டுக்கும் சான்று தேட முடியும். அடுக்ககத்தில் மண்ணே தொடாத பதினான்காம் மாடிக்கு மனை வாஸ்து பார்ப்பதில் எந்த விதி வேலை செய்கிறது? ஓர் ஆய்வு மாணவருக்குப் போதுமான தலைப்புகள் இவை.

அனுமதியின் படிக்கட்டும் அழியவில்லை. வேலைக்கார அம்மா வருவதற்கு யுட்டிலிட்டி பக்கம் ஒரு தனிக்கதவு. அவருக்கென்று வெளியே ஒரு கழிப்பறை. சில அடுக்ககங்களில் தனி லிஃப்ட். கொல்லைச் சந்தின் வேலையை அந்த லிஃப்ட் பார்க்கிறது. திண்ணை போன பிறகும் திண்ணையின் விதி போகவில்லை. இதை வரைபவர்கள் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர்கள்தாம். கேட்டால் வாடிக்கையாளரின் விருப்பம் என்பார்கள்.

திண்ணை அழிந்ததற்குப் பண்பாட்டு மாற்றத்தை மட்டும் காரணம் சொல்வதும் சரியாகாது. தெருவிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளிக் கட்டு என்னும் கட்டட விதிதான் வீட்டைத் தெருவிலிருந்து பிரித்தது. இடையில் சுற்றுச்சுவரும் காரும் வந்து நின்றன. எழுதாத வழக்கம் வீட்டை வடிவமைப்பதுபோலவே அரசாணையும் வடிவமைக்கிறது. நம் விவாதங்களில் இரண்டாவது பெரும்பாலும் தொழில்நுட்ப விவரமாகக் கருதப்பட்டு விலக்கப்படுகிறது.

7. கேட்டுப் பார்த்தவர்கள்

விதியையும் சேர்த்து வாசித்தவர்கள் இல்லாமலில்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர் மின்னெட் டி சில்வா பம்பாய் ஜே. ஜே. பள்ளியில் படித்தபோது, காந்தியை விடுவிக்கக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காக வெளியேற்றப்பட்டவர்; 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டப்புலுவவில் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அவர் ஏற்றபோது, குடிவரப்போகும் குடும்பங்களுக்கு வினாப்பட்டியல் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்ட பிறகே வரையத் தொடங்கினார். வெவ்வேறு இனத்தவரும் மதத்தவரும் அடங்கிய கூட்டம் அது. வரைவதற்கு முன் கேட்பது என்ற இந்த எளிய செயல் இன்றும் பல ஸ்டுடியோக்களில் நடப்பதில்லை.

1984இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவும் பி. வி. தோஷியின் வாஸ்து-ஷில்பா நிறுவனமும் இந்தூரின் குடிசைப்பகுதிகளை ஆவணப்படுத்தின. அவர்களும் அளந்தார்கள், ஆனால் எதை அளந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. வாசல் மேடையின் அகலம், மரநிழலில் நடக்கும் வேலை, வீட்டு முகப்பில் ஒட்டிய சிறுகடை, ஆடும் மாடும் சைக்கிளும் பிடிக்கும் இடம் ஆகியவை வரைபடத்துக்குள் வந்தன. அந்தப் பார்வையிலிருந்து பிறந்தது இந்தூரின் ஆரண்யா குடியிருப்பு. ஏறத்தாழ 6,500 மனைகள். தோஷி கட்டிக் காட்டியவை 80 மாதிரி வீடுகள்தாம். மற்றதைக் குடியிருப்பவர்களே தங்கள் வசதிப்படி வளர்த்துக்கொள்ள விடப்பட்டது.

கேட்காமல் கட்டியதன் விலையையும் நாம் பார்த்திருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் 300 முதல் 325 சதுர அடியில் காங்கிரீட் வீடுகள் எழுந்தன. ஒப்பந்ததாரர்வழி நடந்த பல திட்டங்களில் அலை தொடாத பழைய வீடுகள்கூட இடிக்கப்பட்டதையும், நிழல்மரங்கள் வெட்டப்பட்டதையும் ஜெனிஃபர் டுயீன் பாரன்ஸ்டைன் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். மீன் காயவைக்கவும், வலை பின்னவும், பெண்கள் பகல்முழுக்க உட்காரவும் அந்த மரத்தடிதான் அறையாக இருந்தது. சதுர அடிக் கணக்கில் அது சேரவில்லை. அதற்காக ஓலைக்கூரையே அவர்களின் பண்பாடு, காங்கிரீட் அந்நியம் என்று முடிவுகட்டுவதும் மடமை. மீனவர்களுக்குக் காங்கிரீட் கூரை மதிப்பின் அடையாளமாகவும் இருந்தது. எகிப்தில் 1940களில் ஹசன் ஃபத்ஹி புதிய குர்ணாவில் மண் குவிமாடங்களை எழுப்பியபோதும் இதே முரண் எழுந்தது. அவர் மரபைக் கண்ட குவிமாடத்தில் அம்மக்கள் கல்லறையைக் கண்டார்கள். பிழைப்பை விட்டு இடம்பெயரவும் அவர்களுக்கு மனமில்லை.

நம் கல்லூரிகள் அநேகமாகத் திரும்பிப் பாராத இன்னொரு சான்று பெரியார் நினைவு சமத்துவபுரம். 1997இல் அறிவிக்கப்பட்டு, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. 100 வீடுகள், ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10, கலந்து ஒதுக்கீடு, பொதுச் சுடுகாடு. வீட்டின் பிளானில் புதுமை ஏதுமில்லை. ஆனால் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்ற கேள்வியைத் திட்டத்தின் மையத்தில் வைத்த வேறு குடியிருப்புத் திட்டம் எளிதில் நினைவுக்கு வரவில்லை. எங்கே வெற்றி, எங்கே தோல்வி, குடியேறியவர்கள் காலப்போக்கில் எந்தச் சுவரை இடித்தார்கள், எந்தச் சுவரை எழுப்பினார்கள் என்பதை வீடுவீடாக வரைந்து பார்க்கவேண்டியது கட்டடக்கலை மாணவர்களின் வேலை. அதன் முகத்தோற்றம் அழகில்லை என்பதால் ஆவணப்படுத்தல் பட்டியலில் அது சேர்வதில்லை என்று நினைக்கிறேன்.

8. நான்காவது தாள்

பாடத்திட்டத்தையே புரட்டிப்போட வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை. அளந்து வரையும் பயிற்சி இருக்கட்டும். கையும் கண்ணும் பழக அதைவிட நல்ல வழி இல்லை. தரைத்தளம், வெட்டு, முகம் என்ற மூன்று தாள்களோடு நான்காவதாக ஒன்று கட்டாயமாகட்டும். அதில் அதே பிளானின் மேல் ஆட்கள் குறிக்கப்படவேண்டும்: யார் எதுவரை வரலாம், எந்த நேரத்தில் யார் இருப்பார், யார் துடைக்கிறார், யார் எங்கே தூங்குகிறார், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது. பழைய வீடானால் முதியவர்களிடம் கேட்கவேண்டும். அந்த வீட்டின் கொல்லை வழியாக வந்துபோன குடும்பத்தைத் தேடிப்போயும் கேட்கவேண்டும்.

முதல் பயிற்சியைச் செட்டிநாட்டில் தொடங்கவும் வேண்டாம். மாணவர் தம் சொந்த வீட்டை, அது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையானாலும் வாரியக் குடியிருப்பானாலும், இப்படி வரைந்து கொண்டுவரட்டும். வகுப்பில் அறுபது வீடுகளைப் பக்கம் பக்கமாகச் சுவரில் ஒட்டினால், பண்பாடு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை சாதி, எத்தனை வருமானம், எத்தனை ஆண்-பெண் ஏற்பாடு அடங்கியிருக்கிறது என்று தனியாக விளக்கவேண்டியிருக்காது. சங்கடமான வகுப்பாக அது இருக்கும். ஒட்ட விரும்பாத மாணவரை வற்புறுத்தாத பண்பும் ஆசிரியருக்கு வேண்டும்.

இதற்குக் கட்டடக்கலைக் குழுமத்தின் புதிய நெறிமுறையோ பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோ தேவையில்லை. ஸ்டுடியோவுக்கான பயிற்சியை அந்தந்த ஆசிரியரே எழுதுகிறார். அடுத்த பருவத்துக்கான பயிற்சித்தாளை எழுதும் ஆசிரியர்கள் இந்த ஒரு தாளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.